ஆடவில்லை, இருந்தேன்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது போனை எடுத்துத் தேடிப் பார்ப்பார்கள். ஒருமுறை அப்படித் தேடிப் பார்த்து நடந்தது போதும். பாரிஸில் ஈழத்தமிழர் கூடும் லா ஷப்பலில் எங்கள் ஆட்கள் அவரை 'வேல்ஸ்காரர்' என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

ரூ லூயி-பிளாங்க் என்ற தெருவில் விமான, ரயில் டிக்கெட் போடும் கடை ஒன்றில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். குட்டையான ஆள். கழுத்தும் தோளும் ஒன்றாய்ச் சேர்ந்த உடம்பு. கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. இடது முழங்கால் மடியாததால் வாசற்படியில் பக்கவாட்டாக ஏறினார். ஆங்கிலம் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். கடையில் நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும். பாரிஸுக்கு வருமுன் மூன்று வருடம் லண்டனில் இருந்தவன் நான். லா ஷப்பலில் எல்லாருக்கும் பிரெஞ்சு ஓரளவு வரும். ஆங்கிலம் என்றால் என்னைத்தான் தேடுவார்கள். கனடாவிலிருந்து கடிதம் வந்தால், லண்டன் வங்கிக்குப் போன் பேச வேண்டியிருந்தால், "உவனிட்டைக் குடு, அவன் பாப்பான்" என்பார்கள். எனக்கென்று அங்கே வேறு பெருமை எதுவும் இருக்கவில்லை.

அவருக்குக் கார்டிஃப் போய்வர வேண்டியிருந்தது. கூட விளையாடிய ஒருவர் இறந்துவிட்டார். "அவன் வலது பின்காவல், நான் இடது," என்றார். "ஆறு வருடம் ஒரே அணி."

தொழில்முறை உதைபந்தாட்டக்காரர் ஒருவரை நேரில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல்தடவை. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இங்கிலாந்துக்கு ஆடியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

அவர் வாயை இறுக மூடி மூக்கால் ஒரு மூச்சு விட்டார். பிறகு வந்த நாட்களில் அந்த மூச்சை எத்தனையோ தடவை கேட்டேன். யாரோ எதையோ கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார்கள், அதை இப்போது குறைக்கப்போகிறார் என்று அர்த்தம்.

"நான் வேல்ஸ்காரன்," என்றார். "சரியாகச் சொல்லவேண்டுமென்றால், வேல்ஸுக்கும் ஆடவில்லை. ஒரே ஒருமுறை மாற்று ஆட்டக்காரனாக அணியில் எடுத்தார்கள். பெஞ்சில் இருந்தேன். ஆடவில்லை."

சரியாகச் சொல்லவேண்டுமென்றால். இதுதான் அவருடைய பேச்சு. அவருடைய வாழ்க்கையே அதற்குள் அடங்கியிருந்தது என்று இப்போது நினைக்கிறேன். பன்னிரண்டு வருடம் ஆடினார் என்று நான் யாருக்காவது அறிமுகம் செய்தால், "பதினொன்றரை," என்பார். நான்கு கழகங்களுக்கு ஆடினாராம். எப்படி மாறினீர்கள் என்று கேட்டதற்கு, "ஒருமுறை விற்றார்கள், மூன்றுமுறை வேண்டாம் என்று விட்டார்கள்," என்றார். அவர் அடித்த கோல்கள் இரண்டு. அதில் ஒன்று யாரோ அடித்த பந்து அவருடைய முதுகில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. "அதைப் பத்திரிகையில் என் பெயரில்தான் போட்டார்கள். நான் பார்க்கவே இல்லை, மறுபக்கம் திரும்பி நின்றேன்."

நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்கு ஒன்றில் பிறந்தவர். வீட்டில் பேசியது வேல்ஷ் மொழி. பதினாறு வயதில் ஒரு கழகத்தில் சேர்ந்து, முதல் இரண்டு வருடமும் மூத்த ஆட்டக்காரர்களின் சப்பாத்தைத் துடைத்தார். ஆடியதெல்லாம் மூன்றாம், நான்காம் பிரிவுகளில். முழங்கால் போனபிறகு இருபது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். மனைவி இறந்ததும் பாரிஸில் கல்யாணம் கட்டியிருந்த ஒரே மகள் அவரைத் தன்னிடம் கூட்டிவந்துவிட்டாள். ரூ பிலிப்-து-ஜிராரில் மூன்றாம் மாடி. மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் அவருக்குப் பேச ஆளில்லை. பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். அதனால் எங்களுக்குக் கிடைத்தார்.

எங்களிடம் ஒரு விளையாட்டுக் கழகம் இருந்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் அணி. பாதிப்பேர் சமையலறைகளில் வேலை. ஞாயிறு காலை ஓடிவிட்டு மதியம் அடுப்படிக்குப் போகிறவர்கள். தலைவர் அண்ணை ரூ பிலிப்-து-ஜிராரில் உணவகம் வைத்திருந்தார். நான் செயலாளர். வேல்ஸ்காரரை நான்தான் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போன முதல் நாளே எங்கள் பின்வரிசைக்காரர் நால்வரையும் கூப்பிட்டு, எதிராளி பந்தோடு வரும்போது நேராக நிற்காதே, சரிந்து நில், அவனை ஓரத்துக்குத் தள்ளு என்று காட்டினார். மடியாத காலோடு அவர் சரிந்து நின்று காட்டியதை இன்னும் மறக்கவில்லை. அந்த வருடம் நாங்கள் வாங்கிய கோல்கள் பாதியாகக் குறைந்தன. "பாதி இல்லை," என்றார் அவர். "கொஞ்சம்."

ஒரு ஞாயிறு கோட்டு நடுவர் வராததால் கொடியை அவர் கையில் கொடுத்தோம். ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற ஆட்டம். முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் எங்கள் ஆள் கோல் அடித்தான். எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறோம். இவர் கொடியைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறார். ஓப்சைட்.

தலைவர் அண்ணை கத்திக்கொண்டு ஓடினார். "தம்பி, அந்தாளிட்டைக் கேள்! எங்கடை ஆளெல்லோ! எங்கடை சோத்தைத் திண்டுபோட்டு எங்களுக்கே கொடி தூக்குறாரோ?"

நான் அவரிடம், "தலைவர் உறுதியாகவா என்று கேட்கிறார்," என்றேன்.

"அரைக் காலடி முன்னால் நின்றான்," என்றார் அவர்.

"நல்லாப் பாத்தவராம் அண்ணை, மன்னிக்கட்டாம்," என்றேன் தலைவரிடம்.

இரண்டு பக்கமும் நான் சொன்னது வேறு. இரண்டு பக்கமும் அமைதியானது. இதில் எனக்கு ஒரு கெட்டித்தனம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோதும் அப்படித்தான். இடியாப்பமும் கணவாய்க் கறியும். என் மனைவி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னவாம், பிடிச்சிருக்காமோ?" என்றாள். அவர் கரண்டியை வைத்து, மூக்கால் மூச்சு விட்டு, "அருமை. உப்புத்தான் கொஞ்சம் கூட," என்றார். "தான் இப்பிடி ஒரு கறி சாப்பிட்டதே இல்லையாம்," என்று நான் மொழிபெயர்த்தேன். அவள் இன்னும் இரண்டு அகப்பை போட்டாள். அவர் தண்ணீர் குடித்துக் குடித்து எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த கோடையில் எங்கள் கழகத்தின் சுற்றுப்போட்டி வந்தது. பன்னிரண்டு அணிகள், சாப்பாட்டுக் கடைகள், சனம். அந்த வருடம் பிரதம விருந்தினராக யாரைக் கூப்பிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, நான் வேல்ஸ்காரரின் பெயரைச் சொன்னேன்.

"அவர் பெரிய ஆளோ?" என்றார் தலைவர்.

"வேல்ஸ் தேசிய அணி அண்ணை," என்றேன்.

பொய் அல்ல என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அணியில் இருந்தவர்தானே. ஆனால் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, தன்ரை நாட்டுக்காக ஆடினவரோ! எங்களைப் போலச் சின்ன இனம், தனி மொழி. இதைப் போடு தம்பி, பெரிசாப் போடு." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். திருத்துவதற்கு ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. துண்டுப்பிரசுரத்தை நானே எழுதினேன்: 'தன் தாய்நாட்டின் தேசிய அணிக்காகக் களமாடிய வீரர்.' கீழே அவருடைய படம். கடை கடையாகக் கண்ணாடியில் ஒட்டினோம்.

அவர் ஒரு பிரதியைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "என்ன எழுதியிருக்கிறது?"

"முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர் என்று."

"அது சரி," என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகளுக்குக் காட்டப்போகிறாராம்.

போட்டியன்று அவர் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். மைக் என் கையில் இருந்தது. அவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினார். அவருடைய பள்ளத்தாக்கு ஆங்கிலம் லண்டனில் இருந்த எனக்கே பழகப் பழகத்தான் பிடிபட்டது. மற்றவர்களுக்கு எட்டவே எட்டாது. அவர் சொன்னது இதுதான்: "முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. என் நாட்டுக்கு நான் ஆடியதில்லை, ஒருமுறை பெஞ்சில் இருந்தேன். இந்த மனிதர்கள் ஆறு நாள் வேலை செய்துவிட்டு ஏழாம் நாள் ஓடுகிறார்கள். நான் அவர்களைப் பார்த்து மரியாதை செய்ய வந்தேன்."

நான் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். "என் தாய்நாட்டுக்காக ஆடினது எனக்குப் பெருமை. அதைவிடப் பெருமை இண்டைக்கு உங்கடை முன்னாலை நிக்கிறது எண்டு சொல்லுறார்."

மைதானமே கை தட்டியது. விசில் அடித்தார்கள். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "பெஞ்சில் இருந்தவனுக்கு இப்படிக் கை தட்டுகிறார்களே," என்றார். "என்ன நல்ல மனிதர்கள்."

எழுதும்போது இந்த இடத்தில் எழுந்து போய்விட்டு வந்தேன்.

இறுதியாட்டம் பிற்பகல் நான்கு மணிக்கு. புறநகர் வில்லியே லே பெல்லில் இருந்து வந்த தமிழ் அணியை நாங்கள் ஒரு கோலால் வென்றோம். அவர்களுடைய பொறுப்பாளர் தோற்ற ஆத்திரத்தில் நின்றார். பரிசளிப்புக்கு முன் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார்.

"உங்கடை பிரதம விருந்தினரைத் தேடிப் பாத்தனான். ஆடின ஆக்கள் எல்லாற்றை பேரும் இஞ்சை கிடக்குது. வேல்ஸுக்கு இவர் ஒரு மட்ச் கூட ஆடேல்லை. பொய்யனுக்கோ மாலை போட்டு வைச்சிருக்கிறியள்?"

கூட்டம் கூடியது. தலைவர் அண்ணையின் முகம் கறுத்தது. என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதானே கதைச்சனி. ஆடினனான் எண்டு அவரே உனக்குச் சொன்னவரோ?"

வேல்ஸ்காரர் பத்தடி தள்ளி நின்று, கிண்ணங்களை உயர வாரியாக மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் கையால் கொடுக்க வேண்டிய கிண்ணங்கள்.

"ஓம் அண்ணை," என்றேன். "அப்பிடித்தான் சொன்னவர்."

யாரும் அவரை நேரில் திட்டவில்லை. எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரரை நேரில் திட்டமாட்டார்கள். கிண்ணங்களைத் தலைவரே கொடுத்தார். அவரை ஒரு கதிரையில் இருத்திவிட்டு மறந்துபோனது போல நடந்துகொண்டார்கள். என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். புள்ளிக் கணக்கில் ஒரு பிரச்சினை என்றேன்.

அதற்குப் பிறகு தலைவரின் உணவகத்தில் அவர் போய் இருந்தால் தேநீர் வந்தது, பேச்சு வரவில்லை. வழியில் கண்டால் 'கோச்' என்று கையசைக்கிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு போனார்கள். "நான் ஏதாவது தவறு செய்தேனா?" என்று கடைக்கு வந்து கேட்டார். எல்லாருக்கும் கோடை விடுமுறை அலைச்சல் என்றேன். அவர் தலையாட்டினார். மூக்கால் மூச்சு விடவில்லை; என்னை அவர் நம்பினார்.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். மத்தியான நேரம், கடையில் நான் மட்டும்தான். சட்டைப் பையிலிருந்து துண்டுப்பிரசுரத்தை எடுத்து மேசையில் விரித்தார். மகளின் போனை அதற்கு மேலே பிடித்தார். தமிழ் எழுத்துகள் நெளிந்து ஆங்கிலமாக மாறுவதை நானும் அவரோடு சேர்ந்து பார்த்தேன்.

"நான் ஆடினேன் என்று இருக்கிறது," என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மைக்கில் சொன்னதையும், தலைவரிடம் சொன்னதையும். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு, மடியாத காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

"நான் பெஞ்சில் இருந்த அன்றைக்கு என் அப்பா பார்க்க வந்திருந்தார்," என்றார். "சுரங்கத்திலிருந்து ஆறு பேரோடு பஸ் பிடித்து. அறுபதாவது நிமிடம் எங்கள் இடது பின்காவல் விழுந்துவிட்டான். என்னை எழுந்து உடம்பைச் சூடாக்கச் சொன்னார்கள். கோட்டோரமாக ஓடினேன். அவன் எழுந்துவிட்டான். திரும்பி வந்து இருந்தேன். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை ஊர் மதுக்கடையில் அப்பா எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார், என் மகன் கடைசி ஐந்து நிமிடம் ஆடினான் என்று. நான் எழுந்து நின்று, இல்லை அப்பா, ஆடவில்லை, இருந்தேன் என்றேன். எல்லாருக்கும் முன்னால். அவர் கிளாஸை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை என்னோடு பந்தாட்டம் பற்றிப் பேசவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை அவருக்குக் கொடுத்திருக்கலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்."

அவர் துண்டுப்பிரசுரத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"ஆனால் உன் ஆட்கள் என்னைப் பொய்யன் என்று நினைக்கிறார்கள். அதோடு என்னால் இருக்க முடியாது. நீ அவர்களிடம் சொல்லவேண்டும்." கொஞ்சம் யோசித்தார். "பொய் சொன்னேன் என்று நீ சொல்லவேண்டியதில்லை. என் ஆங்கிலம் விளங்கவில்லை, தவறாகக் கேட்டுவிட்டேன் என்று சொல். இங்கிலாந்துக்காரனுக்கே என் பேச்சு விளங்காது."

அரைக் காலடிக்குக் கொடி தூக்கிய மனிதர் எனக்காக ஒரு பொய்யைத் தன் வாயாலேயே எடுத்துத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஞாயிறு அவரும் மைதானத்துக்கு வந்தார். ஓரக் கோட்டில் நின்றார். பயிற்சி முடிந்து எல்லாரையும் வட்டமாகக் கூப்பிட்டேன். வாயைத் திறந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. ஆங்கிலம் விளங்கவில்லை என்று சொன்னால் பிறகு இந்த லா ஷப்பலில் நான் யார்? அடுத்த மாதம் கழகத்தின் நிர்வாகத் தெரிவு வேறு இருந்தது.

"அடுத்த ஞாயிறு மட்ச் எட்டரைக்கு," என்றேன். "ஆர்.ஈ.ஆர். ரயில் வேலைநிறுத்தமாம். கார் வைச்சிருக்கிற ஆக்கள் மற்றாக்களையும் ஏத்திக்கொண்டு வாங்கோ."

கலைந்தார்கள். அவர் என்னிடம் வந்தார். "சொன்னாயா?"

"சொன்னேன்."

அவருடைய முகம் தெளிந்தது. மடியாத காலை இழுத்துக்கொண்டு நேரே தலைவர் அண்ணையிடம் போய்க் கையை நீட்டினார். தலைவர் வேறெங்கோ பார்த்தபடி விரல் நுனியைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டார். வேல்ஸ்காரர் தன்னுடைய வெறுங்கையைப் பார்த்தார். பிறகு தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். திட்டவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. மைதானத்தின் மறுபக்கத்து வாசலால் நடந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இலையுதிர் காலத்தில் ஒருநாள் மகள் கடைக்கு வந்து அவருக்கு ஒருவழி டிக்கெட் போட்டுக்கொண்டு போனாள். அப்பாவுக்கு இங்கே ஒத்துவரவில்லை என்றாள். எனக்கு நன்றி சொன்னாள். அப்பாவுக்கு நிறைய உதவி செய்தீர்களாம் என்றாள். அவளிடம் முகவரி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நிர்வாகத் தெரிவில் போட்டியில்லாமல் மீண்டும் செயலாளரானேன்.

அடுத்த கோடைச் சுற்றுப்போட்டியில் மைக் மறுபடி என் கையில் இருந்தது. அவர் போய்விட்டார். கோபப்பட்டவர்கள் மறந்துவிட்டார்கள். அணியில் இங்கே படித்து வளர்ந்த நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். அவர்களுடைய ஆங்கிலத்துக்கு முன்னால் என் ஆங்கிலத்தை யாரும் பெரிதாக எண்ணவில்லை. இழக்க ஒன்றுமில்லாத அந்த நேரத்தில் எனக்குத் துணிவு வந்தது.

"போன வருசம் இஞ்சை ஒரு பிழை நடந்தது," என்றேன். "எங்கடை கோச், தான் வேல்ஸுக்கு ஆடேல்லை எண்டுதான் சொன்னவர். அவற்றை இங்கிலிஷ் எனக்குச் சரியா விளங்கேல்லை. நான்தான் மாறிச் சொல்லிப்போட்டன். பிழை என்னிலைதான்."

அப்போதும் உண்மையை முழுதாகச் சொல்லவில்லை. அவர் தந்த பொய்யைத்தான், ஒரு வருடம் வைத்திருந்து, அவர் இல்லாத இடத்தில் எடுத்து நீட்டினேன்.

தலைவர் அண்ணை எழுந்து வந்து என் தோளில் கை போட்டு மைக்கை வாங்கினார். "பாருங்கோ. தன்ரை பிழையைச் சபையிலை ஒத்துக்கொள்ள எத்தினை பேருக்கு மனம் வரும்? தம்பி நினைச்சிருந்தால் சொல்லாமலே விட்டிருக்கலாம். நேர்மையெண்டால் இதுதான். ஒருக்கால் கை தட்டுங்கோ."

தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த இரண்டொருவர் எழுந்து நின்றும் தட்டினார்கள். நான் கை கூப்பி அதை வாங்கிக்கொண்டேன்.